முயல் கூண்டுக்குக் கம்பி தேடி: கிள்ளானிலிருந்து செர்டாங் வரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். முயல் வளர்ப்பிலும் அப்படித்தான். நல்ல இன முயலை எங்கேயாவது வாங்கிவிடலாம். அது குட்டி போட்டு, போட்ட குட்டி பிழைத்து, நாலு காசு கையில் வந்து சேர வேண்டுமானால் முதலில் கூண்டு சரியாக இருக்க வேண்டும். கூண்டுக்கு ஏற்ற கம்பி வலை எது, அதைக் கடையில் எப்படிக் கேட்பது, எத்தனை அடி வாங்குவது என்பதை நேரில் கண்டறிய, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ், புடு, செர்டாங் வரை ஒரு விடுமுறை நாளில் போய் வந்தேன். கண்டதையும் கேட்டதையும் நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பயணத்துக்குக் காரணமாக இருந்தவர் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள். கூட்டுப் பணம் எடுத்து, ஓர் ஆண் முயலும் இரண்டு பெண் முயல்களும் வாங்கினார். கிள்ளானில் ஓர் இரும்புக் கடைக்குப் போய் முயலுக்குக் கம்பி வேண்டும் என்றார். கடைக்காரர் எடுத்துப் போட்டது கோழிவலை. விலை மலிவு, வளைக்கவும் எளிது. அதையே தரைக்கும் பக்கத்துக்கும் அடித்துக் கூண்டு செய்தார். முதல் ஈற்றில் எட்டுக் குட்டிகள். பத்து நாளில் ஆறு போய்விட்டன. சில, வலையின் கண் வழியாகக் கீழே விழுந்து எறும்புக்கு இரையாயின. ஒன்று கால் மாட்டிக்கொண்டு இறந்தது. தாய் முயலின் பாதத்திலும் புண் கண்டது.

“சார், முயல் நமக்கு ஒத்து வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வித்துடட்டுமா?” என்று கேட்டார். முயல் ஒத்து வரவில்லையா, கம்பி ஒத்து வரவில்லையா என்பதை முதலில் பார்ப்போம் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் நான் ரயில் ஏறினேன்.

ரயில் பாதையில் ஒரு பாடம்

கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் புக்கிட் படாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. இந்தப் பாதை பழமையானது. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-இல் முதல் ரயில் ஓடியது. ஈயமும் பிறகு ரப்பரும் இந்த வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போயின.

சன்னல் வழியே இன்று தெரிவதெல்லாம் வீடுகளும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளுமே. ஷா ஆலாம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்காம் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டமாக இருந்த நிலம். 1976-இல் அங்கே வீடமைப்பு வேலை தொடங்கியது. அந்த மரங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று என்னோடு இதே ரயிலில் கைப்பேசியைப் பார்த்தபடி வேலைக்குப் போகிறார்கள்.

இதற்கும் முயல் கூண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. தோட்டத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. பின்கட்டு நிலமும் சொந்தமில்லை. நிலம் கைமாறினால், சிமெண்டு போட்டுக் கட்டிய கொட்டகையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கம்பிக் கூண்டையோ கட்டுக்கம்பியை அறுத்தால் பலகை பலகையாகப் பிரித்து லோரியில் ஏற்றிவிடலாம். ஆகவே பணத்தைக் கொட்டகையில் போடாமல் கம்பியில் போடுங்கள் என்பது அந்த ரயில் சன்னல் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

பிரிக்பீல்ட்ஸ்: செங்கல்லின் ஊர்

கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் அடுத்த அடி பிரிக்பீல்ட்ஸ்தான். பூமாலை வாசமும் வடை வாசமும் கலந்து வருகின்றன. ரயில்வே வேலைக்கு வந்த தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியிருந்த பகுதி இது. 2010-இல் லிட்டில் இந்தியா என்று அரசாங்கமே வளைவு வைத்துத் திறந்தது.

இவ்வூரின் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அப்போது வீடுகள் மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டியவை. அதற்குப் பிறகு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட களங்கள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ஒரு பட்டணமே எந்தப் பொருளால் கட்டுவது என்பதைப் பட்டுத்தான் கற்றிருக்கிறது. எட்டுக் குட்டியில் ஆறைப் பறிகொடுத்த தாயார் வெட்கப்பட வேண்டியதில்லை.

துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் கிளி ஜோசியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய கிளிக்கூண்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சீட்டு எடுக்க வெளியே வந்து உள்ளே போகும் கிளிக்கு அந்தக் கூண்டு இருப்பிடம், அவ்வளவுதான். முயல் கூண்டு அப்படியன்று. அது தாய்க்கு மகப்பேறு அறை, குட்டிக்குத் தொட்டில், எருவுக்குச் சல்லடை. மூன்று வேலையும் பார்க்கும் கூண்டைக் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்க முடியாது. செல்லப் பிராணிக் கடைகளில் வண்ணம் பூசி வைத்திருக்கும் கூண்டுகள் பெரும்பாலும் ஒற்றை முயலுக்கு ஆனவை. குட்டி போடும் தாய்க்கு அவை போதா.

புடு: கம்பியின் கணக்கு

மஸ்ஜித் ஜாமேக் போய் ரயில் மாறிப் புடு நிலையத்தில் இறங்கினேன். அருகேயுள்ள ஜாலான் பசார் வட்டாரத்தில் இரும்புச் சாமான்களும் கருவிகளும் மின்சாரப் பொருள்களும் விற்கும் கடைகள் நிறைய. அடுத்த நிலையமான சான் சோவ் லின் பக்கம் போனால் இரும்புப் பட்டறைகள்.

ஒரு கடையில் வயதான தவுக்கே பொறுமையாக நான்கு வகைக் கம்பி வலைகளை மேசைமேல் விரித்துக் காட்டினார். அவர் காட்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது கோழிவலை. ஆறு மூலைக் கண் உடையது. இங்கிலாந்தில் நார்விச் நகரத்துச் சார்லஸ் பார்னார்டு என்பவர் 1844-இல், துணி நெய்யும் தறியைப் பார்த்து இதை முறுக்கும் இயந்திரத்தைச் செய்தார் என்பது வரலாறு. கோழியை அடைக்க நல்லது. ஆனால் கம்பி மெல்லியது. முயல் பல்லுக்குத் தாங்காது. நாய் முட்டினால் கிழியும். முயல் நிற்கும் தரைக்கு ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது பி.ஆர்.சி. எனப்படும் முரட்டுக் கம்பி. சிமெண்டுத் தரைக்கும் வேலிக்கும் போடுவது. கண் மிகப் பெரியது; குட்டி வழியாகப் போய்விடும்.

மூன்றாவது பச்சைப் பிளாஸ்டிக் பூசிய வலை. பார்க்க அழகு. முயல் அந்தப் பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்னும். உரிந்த இடத்தில் துருவும் ஏறும்.

நான்காவதுதான் நமக்கு வேண்டியது. குறுக்கும் நெடுக்கும் வைத்துச் சந்திப்புதோறும் பற்றவைத்து, நாக முலாம் பூசிய கம்பி வலை. இதிலும் இரண்டு அளவு வேண்டும். தரைக்குக் கண் அளவு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம். பக்கத்துக்கும் மேலுக்கும் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். தரைக்கண் ஓர் அங்குலச் சதுரமானால் குட்டியின் கால் இறங்கும். அரை அங்குலச் சதுரமானால் புழுக்கை கீழே விழாமல் அடைத்துக்கொள்ளும். நான் சொன்ன அளவில் இரண்டு தொல்லையும் இல்லை.

கம்பியின் தடிப்பைக் கேஜ் என்ற கணக்கில் சொல்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: எண் ஏறினால் கம்பி மெலியும். 14 கேஜ் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்பு. 16 கேஜ் அதைவிட மெல்லியது. 19 கேஜ் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தரைக்கு 14 கேஜே வேண்டும். பக்கத்துக்கு 16 கேஜ் போதும்.

இன்னொன்றையும் தவுக்கே விரலால் தொட்டுக் காட்டினார். முலாம் பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்தால் சந்திப்பில் முலாம் எரிந்து போகும். அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். பற்றவைத்து முடித்த வலையை முலாமில் தோய்த்தால் சந்திப்பும் மூடிக்கொள்ளும். அங்கே சிறு சிறு கட்டிகள் தெரியும். முயலின் சிறுநீர் இரும்பை அரிக்கும் தன்மை உடையது. ஆகவே சற்று விலை கூடினாலும் தரைக்குப் பின்னதையே வாங்க வேண்டும்.

ஒரு கூண்டுக்கு எத்தனை அடி?

நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன் போன்ற நடுத்தர இனத் தாய் முயலுக்கும் அதன் குட்டிகளுக்கும் 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். இடமும் பணமும் உள்ளவர்கள் உயரத்தை 2 அடியாக வைத்தால் முயல் காதை நிமிர்த்தி உட்கார முடியும். அது இன்னும் நல்லது. நான் ஒன்றரை அடிக்கே கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை விட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

3 அடி அகலச் சுருளில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மேல் மூடிக்கு இரண்டரை அடி நீளம் வெட்ட வேண்டும். நான்கு பக்கத்தின் சுற்றளவு 11 அடி. சுருளின் அகலம் 3 அடியாதலால், ஐந்தரை அடி நீளம் வெட்டி நடுவே பிளந்தால் ஒன்றரை அடி உயரத்தில் 11 அடி கிடைத்துவிடும். கதவுக்கு ஒன்றரை அடி. ஆக, பெரிய கண் வலை ஒன்பதரை அடி.

தரை வலையில் தரைக்கு மட்டும் இரண்டரை அடி. இதனோடு நின்றுவிடக் கூடாது. கூண்டின் அடிப்பகுதியில் நாலு பக்கமும் 4 அங்குல உயரத்துக்கு இதே சிறு கண் வலையை வைத்துக் கட்ட வேண்டும். கண் திறக்காத குட்டி, தாயின் முலையைப் பற்றியபடியே பெட்டிக்கு வெளியே வந்துவிடுவது உண்டு. பக்க வலையின் பெரிய கண் வழியாக அது கீழே விழாமல் காப்பது இந்த 4 அங்குலம்தான். நாலு துண்டுக்கும் சேர்த்து 16 அங்குலம் ஆகும். ஆக, தரை வலை 4 அடி.

கட்டும்போது கவனிக்க வேண்டியது: தரை வலையில் அரை அங்குல இடைவெளியில் ஓடும் கம்பிகள் மேல்பக்கம் இருக்க வேண்டும். பாதத்துக்கு அதுவே மெத்தை போன்றது. வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். இணைக்கும் இடங்களில் 3 அங்குலத்துக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக்கம்பியால் முறுக்கி, முறுக்கின் முனையை வெளிப்பக்கம் மடக்க வேண்டும். கதவு, வாசலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக இருக்கட்டும்.

செர்டாங்: வெயிலின் கணக்கு

புடுவிலிருந்து பண்டார் தாசேக் செலாத்தான் வந்து, அங்கே கொமுட்டர் மாறினால் செர்டாங். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய நிலையம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த ஒரு பெண் இப்போது அங்கே கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அவளுடைய அப்பா பழக்குலை வெட்டுபவர். வாசலில் காத்திருந்து, “வாங்க சார், பசியாறிட்டீங்களா?” என்று அழைத்துப் போய்ப் பேசினாள்.

“சார், கம்பியைச் சரியா வாங்கிட்டாப் போதாது. நம்ம ஊர்ல முயலைக் கொல்றது வெயில்தான்” என்றாள். முயலுக்கு வியர்வை கிடையாது. காது வழியாகவும் மூச்சு வழியாகவுமே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்கு இதமானது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. நமக்கோ பகலில் 32, 33 டிகிரி. 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் போனால் ஆண் முயலின் வித்துச் சக்தி குறையும். 35-ஐத் தாண்டினால், அதுவும் நிறைசினை முயலுக்கு, உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்ற இடத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்க்கிறார்கள். மலைக் குளிரே அங்கே பாதி வேலையைச் செய்துவிடும். கிள்ளானில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எப்படி? பலகைக் கூண்டு சிறுநீரை உறிஞ்சும், இடுக்குகளில் சொறிப்பூச்சி தங்கும், காற்றையும் தடுக்கும். நாலு பக்கமும் காற்று புகும் கம்பிக் கூண்டே நம் ஊருக்கு ஏற்றது. ஆனால் தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் அதுவே அடுப்பாகிவிடும். தகரத்தின்மேல் அத்தாப்போ காய்ந்த செம்பனை மட்டையோ போட வேண்டும். மரநிழல் இருந்தால் இன்னும் நல்லது. கூண்டு வரிசையைக் கிழக்கு மேற்காக நீட்டி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும். மேலும் கீழுமாக அடுக்காமல் ஒரே வரிசையாகத் தொங்கவிட்டால் காற்றும் வரும். புழுக்கையும் நேரே மண்ணில் விழும். அதை அள்ளிக் கீரைப் பாத்திக்குப் போடலாம். அள்ளாமல் விட்டால் அமோனியா நெடியால் முயலுக்கு மூக்கடைப்பு வரும்.

பாதப் புண்ணுக்கும் அவள் வழி சொன்னாள். எவ்வளவு நல்ல கம்பியானாலும் நாள் முழுக்க அதன்மேலேயே நிற்கக் கூடாது. ஓரத்தில் ஓர் அடிச் சதுரப் பலகை ஒன்று போட வேண்டும். இரண்டு பலகை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழுவி வெயிலில் காயப் போட்டு மாற்றி மாற்றி வைக்கலாம். வளர்ப்பு விலங்குக்குத் தகுந்த இருப்பிடம் தருவது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது என்பதை நினைவூட்டினாள்.

கிள்ளானுக்குத் திரும்பி

மறுவாரம் அந்தத் தாயாரும் நானும் முன்பு அவர் போன அதே இரும்புக் கடைக்குப் போனோம். இம்முறை அவர் முயலுக்குக் கம்பி வேண்டும் என்று கேட்கவில்லை. தாளைப் பார்த்து, அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம், 14 கேஜ், பற்றவைத்த பிறகு முலாம் பூசியது என்று மலாயில் சொன்னார். கடைக்காரர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சுருளைத் தூக்கி வந்து, “பெராப்பா காக்கி?” என்றார். நாலு அடி என்று விரலைக் காட்டினார் அம்மா. பொருள் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கேட்கத் தெரிந்தால் கோலாலம்பூர்வரை போக வேண்டியதில்லை.

பிரசவப் பெட்டிக்குப் பலகையும் கிள்ளான் பக்கமே கிடைக்கும். துறைமுகத்தில் சரக்கு வைத்து வரும் மரத் தட்டுகளைப் பழைய சாமான் கடைகளில் விற்கிறார்கள். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்ற எழுத்து இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். பெட்டி 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம். தாய் ஏறி இறங்க முன்பக்கத்தை 6 அங்குலமாகக் குறைக்க வேண்டும். முயலுக்குச் சினைக்காலம் 31 நாள். இணை சேர்த்த 28-ஆம் நாள், காய்ந்த லாலான் புல்லைத் திணித்துப் பெட்டியைக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். இணை சேர்க்கப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் சண்டை பிடிக்கும்.

கூண்டு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். தோட்டத்தில் மலைப்பாம்பும் உடும்பும் எலியும் உண்டு. கால் நட்டு வைத்தால் எறும்புக்காக ஒவ்வொரு காலிலும் கிரீஸ் தடவுங்கள். டின்னில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய வழக்கம் வேண்டா. அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கி காய்ச்சலுக்கு நாமே வழி விட்டதாகும். தோட்டத்தில் இருப்போர் நிர்வாகத்திடமும், தாமானில் இருப்போர் நகராண்மைக் கழகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தத் தாயார் மூன்று கூண்டையும் ஒரேயடியாகக் கட்டவில்லை. பணத்துக்கு ஏற்றபடி முதலில் தாய் முயல் ஒன்றின் கூண்டு. பழைய கோழிவலையைக் கழற்றிக் கீரைப் பாத்திக்கு வேலியாக்கினார். அடுத்த ஈற்றில் ஏழு குட்டி, ஆறு பிழைத்தன. அவற்றை விற்ற பணத்தில் இரண்டாவது கூண்டுக்குக் கம்பி வாங்கியாயிற்று. மூன்றாவது இன்னும் பாக்கி.

எல்லாரிடமும் ஒரே சமயத்தில் எல்லாவற்றுக்கும் பணம் இராது. அப்படியானால் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தரைவலை, அடுத்து அந்த 4 அங்குலச் சுற்று, பிறகு நிழல். பக்கத்துக்குச் சிறிது காலம் சுமாரான கம்பி போதும். கூரையைத் தோட்டமே தரும். தரைக்கு மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.